தேடிப் போவதும் தேடி வருவதும்

நான் முதுகலைத் தமிழ் படித்த 1990களில், சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் எங்கள் கல்லூரி நூலகத்தில் கண்ணாடி பீரோவுக்குள் பூட்டியே இருக்கும். சாவி நூலகரிடம். அவர் சாப்பிடப் போயிருந்தால் காத்துக் கிடக்க வேண்டும். 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்த அகராதி அது. ‘கவலை’ என்ற சொல்லுக்குக் கிளைவிட்டுப் பிரியும் வழி என்றொரு பழம்பொருள் உண்டு என்பதை அதில் பார்த்துத் தெரிந்துகொள்ள எனக்கு ஒரு மதியம் முழுக்கப் போயிற்று.

பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் என் அக்கா மகள் அதே லெக்சிகனை சிகாகோ பல்கலைக்கழகத்தின் இணையதளத்தில் நொடியில் பார்த்துவிடுகிறாள். 1998 பொங்கலன்று தன்னார்வலர்கள் தொடங்கிய மதுரைத் திட்டத்தில் சங்க நூல்கள் காசில்லாமல் கிடைக்கின்றன. ஐ.ஐ.டி. பேராசிரியர்கள் நடத்தும் பாடங்களைச் சிற்றூர்ப் பொறியியல் மாணவன் என்.பி.டி.இ.எல். வழியாக வீட்டிலிருந்தே கேட்கிறான். இணையம் பிள்ளைகளைக் கெடுத்துவிட்டது என்று ஒரேயடியாகப் பேசுவோரிடம் என்னால் தலையாட்ட முடியாததற்கு இவைதான் காரணம். பூட்டிய பீரோவுக்கு முன்னால் நின்றவனுக்குத்தான் திறந்த கதவின் அருமை தெரியும்.

ஆனால் சென்ற மாதம் ஒரு மாலை அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். உயிரியலில் டி.என்.ஏ. இரட்டிப்பாதல் பாடம். இரண்டு இழைகளில் ஒன்று மட்டும் ஏன் துண்டு துண்டாக நகலாகிறது என்பது புத்தகத்தைப் படித்து அவளுக்குப் பிடிபடவில்லை. போனில் ஒரு காணொளியைத் தேடி எடுத்தாள். இழைகள் எதிரெதிர்த் திசையில் ஓடுகின்றன, நொதியோ ஒரு திசையில் மட்டுமே வேலை செய்யும் என்பதைப் படம் அசைந்து காட்டியது. அந்த இடத்தை மூன்று முறை நிறுத்திப் பார்த்தாள். நோட்டில் வரைந்தாள். “ஓ, அதான் துண்டு துண்டா வருதா!” என்றாள். அந்த முகத்தைப் பார்த்தவர் யாரும் இணையத்தால் அறிவு வளராது என்று சொல்ல மாட்டார்கள்.

காணொளி முடிந்தபோது மணி ஏழு இருபது. வகுப்பு வாட்ஸ்அப் குழுவில், நாளைக்கு ரெக்கார்டு நோட்டு கொண்டுவரச் சொல்லி ஒரு செய்தி. அதற்குக் கீழேயே தோழி ஒருத்தி அனுப்பிய அரை நிமிட வீடியோ. தொட்டாள். அடுத்தது தானாக வந்தது, அதற்கடுத்ததும். கட்டைவிரல் மட்டும் மேலே தள்ளிக்கொண்டிருந்தது. எட்டு மணிக்கு நான் கூப்பிட்டபோது, “இப்பத்தான் மாமா எடுத்தேன்” என்றாள். அவள் பொய் சொல்லவில்லை. நாற்பது நிமிடம் போனது அவளுக்கு உண்மையிலேயே தெரியவில்லை.

போனும் அதேதான், பிள்ளையும் அதேதான். முதலில் அவளிடம் ஒரு கேள்வி இருந்தது, அதைத் தூக்கிக்கொண்டு இணையத்துக்குப் போனாள். பிறகு கேள்வி எதுவும் இல்லை, இணையம் அவளிடம் வந்தது. பாடக் காணொளிக்கு முடிவு உண்டு. மற்றதற்கு முடிவே வராதபடி செய்திருக்கிறார்கள். முடிவில்லாமல் உருண்டுகொண்டே போகும் பக்கத்தை 2006இல் வடிவமைத்த ஏசா ராஸ்கின், பின்னாளில் அதற்காக வெளிப்படையாகவே வருந்தினார். நாம் எவ்வளவு நேரம் அங்கே இருக்கிறோமோ அவ்வளவு விளம்பர வருமானம் என்று நடக்கும் தொழில் அது. அதற்கு எதிரே பதினேழு வயதுப் பிள்ளையின் மன உறுதியை மட்டும் நிறுத்திவைத்துவிட்டு, தோற்றால் அவளைத் திட்டுவது அநியாயம்.

நானும் கவனம் சிதறியவன்தான். ‘கவலை’யைத் தேடிப் போய், ‘கவவு’, ‘கவறு’ என்று பக்கத்துச் சொற்களில் மேய்ந்திருக்கிறேன். ஆனாலும் அந்த மேய்ச்சல் சொற்களுக்குள்ளேயே நடந்தது. நூலகம் மூடும் நேரம் வந்ததும் நின்றது.

நினைவாற்றலின் கதை வேறு. பெட்சி ஸ்பாரோ குழுவினர் 2011இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியிட்ட ஆய்வில், கணினி சேமித்து வைத்திருக்கும் என்று நம்பியவர்கள் தகவலைக் குறைவாகவே நினைவில் வைத்திருந்தார்கள். தகவலைவிட அது எந்தக் கோப்புறையில் இருக்கிறது என்பதே அவர்களுக்கு நன்றாக நினைவிருந்தது. தேடிப் போகும் பிள்ளைக்கும் இந்த இழப்பு உண்டு. நோட்டில் வரைந்தால்தான் அது ஓரளவு ஈடாகும் என்பது என் எண்ணம்.

எனக்கு மனக்குறை பள்ளியின் மேல்தான். ஊரடங்குக் காலத்தில் வேறு வழியின்றி வந்த வாட்ஸ்அப் குழு, பள்ளி திறந்த பிறகும் போகவில்லை. வீட்டுப்பாடம் அதில்தான் வருகிறது. போனை வாங்கி வைத்தால் வீட்டுப்பாடம் தெரியாது, கொடுத்தால் மாலை போய்விடும். கரும்பலகையில் எழுதிப் போட இரண்டு நிமிடம் ஆகுமா?

இப்போது குழுவை அக்கா தன் போனில் பார்த்துச் சொல்லிவிடுகிறாள். பாடக் காணொளிகளை முன்பே இறக்கி வைத்துக்கொண்டு, நெட்டை அணைத்துவிட்டுத்தான் மகள் பார்க்கிறாள். முந்தாநாள் எதையும் பார்க்காமல் எனக்கு அந்த இழைகளை வரைந்து காட்டினாள். துண்டுகளை ஒட்டவைக்கும் நொதியின் பெயர் மட்டும் வரவில்லை. சற்று யோசித்துவிட்டு, எழுந்துபோய்ப் பாடப்புத்தகத்தை எடுத்துப் புரட்டினாள். “லைகேஸ்” என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.