கார்டு வண்டி நிற்கும் இடம்

மாதிரி ரயில் அமைப்பவர்கள் கையில் புழங்கும் வழிகாட்டி நூல்களில் நிறைய அமெரிக்காவிலிருந்து வந்தவை. யார்டு வரையக் கற்றுத்தரும் பக்கத்தில், என்ஜின் ஷெட்டுக்கு அருகே ‘கபூஸ் டிராக்’ என்று ஒரு தனித் தண்டவாளம் காட்டியிருப்பார்கள். கபூஸ் என்பது சரக்கு ரயிலின் வாலில் போகும் ஊழியர் வண்டி. நம் ஊரில் அதன் இடத்தில் ஓடுவது கார்டு வண்டி, அதாவது பிரேக் வேன். புனேயில் மாதிரி ரயில் கலைக்கு நல்ல மதிப்பு உண்டு. பாவுசாகேப் ஜோஷி உருவாக்கிய மினியேச்சர் ரயில் அருங்காட்சியகம் கோத்ருட் பகுதியில் 1998 முதல் நடந்துவருகிறது. அதைப் பார்த்துவிட்டு வந்து, புனே யார்டையே மேசைமேல் கட்டலாம் என்று ஒருவர் உட்கார்ந்தால், அந்த அமெரிக்கத் தண்டவாளத்தை அப்படியே எடுத்துப் போடக்கூடாது என்பது என் கருத்து. கார்டு வண்டிக்கு எவ்வளவு இடம் ஒதுக்குவது என்பது தச்சுக் கணக்கு மாதிரி தெரியும். உண்மையில் அது தொழிலாளர் வரலாறு.

அமெரிக்காவில் கபூஸ் ஒரு வீடு. 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை பல கம்பெனிகளில் ரயிலின் பொறுப்பாளரான ஒவ்வொரு கண்டக்டருக்கும் தனக்கென்று ஒரு கபூஸ் இருந்தது. உள்ளே அடுப்பு, படுக்கப் பலகை, சாப்பாட்டு மேசை; கூரைமேல் ரயிலைக் கண்காணிக்க ஜன்னல் வைத்த மாடம். ஒரு நாள் வேலை என்பது சுமார் 100 மைல். அந்த எல்லையில் உள்ள யார்டுக்கு ரயில் வந்ததும் சரக்குப் பெட்டிகள் வேறொரு கபூஸோடு மேலே போய்விடும். வந்த கபூஸைக் கழற்றி ஒதுக்கி நிறுத்துவார்கள். அதற்கு நிலக்கரி, விளக்குக்கான எண்ணெய், தண்ணீர், ஐஸ் எல்லாம் ஏற்ற வேண்டும். கண்டக்டர் திரும்பிப் போகும் ரயில் வரும்வரை அது அங்கேயே நிற்கும். சில யார்டுகளில் அந்தத் தண்டவாளத்தைச் சற்றுச் சரிவாகப் போட்டார்கள். பிரேக்கைத் தளர்த்தினால் கபூஸ் தானே உருண்டு வந்து ரயிலின் வாலில் சேர்ந்துகொள்ளும். இந்த ஏற்பாட்டில் தண்டவாளத்தின் நீளத்தைத் தீர்மானிப்பது மனிதனின் ஓய்வு நேரம். ஒரு யார்டுக்கு நாளுக்கு 10 ரயில் வருகிறது, ஒவ்வொரு குழுவும் 12 மணி நேரம் தங்குகிறது என்று வைத்துக்கொண்டால், எந்த நேரத்தில் பார்த்தாலும் சராசரியாக 5 கபூஸ் அங்கே நிற்கும்.

இந்தியாவில் கணக்கு வேறு, ஏனென்றால் சொத்து வேறு. இங்கே கார்டு வண்டி ரயிலுக்குச் சொந்தம். கார்டுக்குச் சொந்தம் அவருடைய பெட்டிதான். கறுப்புச் சாயம் பூசிய இரும்புப் பெட்டி, அதன்மேல் வெள்ளை எழுத்தில் அவர் பெயரும் தலைமையிடமும். உள்ளே சிவப்புக் கொடி, பச்சைக் கொடி, கைவிளக்கு, ஆபத்து நேரத்தில் தண்டவாளத்தில் வைக்கும் வெடிகள், விதிப் புத்தகம். பணி மாறும் நிலையத்தில் ஒரு கார்டின் பெட்டி இறங்கும், அடுத்தவரின் பெட்டி ஏறும். வண்டி நின்ற இடத்தை விட்டு அசையாது. நடுவில் ஓர் அறை, இரு முனையிலும் திறந்த திண்ணை, கைப்பிரேக் சுழற்றும் சக்கரம், பிரேக் அழுத்தம் காட்டும் மானி, உட்கார ஓர் இருக்கை. பெரும்பாலான வண்டிகளில் இவ்வளவுதான். மின்விளக்கும் கழிப்பறையும் இல்லாத அந்த அறையில் இரவு முழுக்கப் பயணம் செய்வது பற்றிக் கார்டுகள் பல பத்தாண்டுகளாக முறையிட்டு வந்திருக்கிறார்கள். முறையீடு நியாயமானது. வண்டி யாருடைய வீடும் அல்ல என்பதால்தான் அதை வீடுபோல வைத்துக்கொள்ள யாரும் மெனக்கெடவில்லை. யார்டைப் பொறுத்தவரை விளைவு இது: வரும் ரயில் ஒரு வண்டி கொண்டுவருகிறது, போகும் ரயில் ஒன்றை எடுத்துப் போகிறது. சைடிங்கில், அதாவது ஒதுக்குத் தண்டவாளத்தில், மிஞ்சி நிற்பது இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் மட்டுமே. அதே 10 ரயிலுக்கு இங்கே இரண்டு மூன்று வண்டிக்கு இடம் இருந்தால் போதும். ஐஸ் அறை வேண்டாம், கரித்தொட்டி வேண்டாம்.

வீடாக இல்லாவிட்டால் அந்த வண்டி எதற்காக இருந்தது? புனேக்கு மேற்கே போர் காட் மலைப்பாதையே அதற்கு விடை. கிரேட் இந்தியன் பெனின்சுலா ரயில்வேயின் தலைமைப் பொறியாளர் ஜேம்ஸ் பெர்க்லி திட்டமிட்ட பாதை அது. கண்டாலாவிலிருந்து புனே வரை 1858-லேயே ரயில் ஓடிவிட்டது. மலையைக் கடந்து பம்பாயோடு இணைய 1863 ஆயிற்று. ஏறத்தாழ 25 கிலோமீட்டரில் 1,831 அடி ஏற்றம். மிகச் செங்குத்தான இடத்தில் 37 அடிக்கு ஓர் அடி. ரயில் முழுவதையும் ஒரே பிடியில் நிறுத்தும் தொடர் பிரேக் வருவதற்கு முன், சரக்கு ரயிலை அடக்கி இறக்க என்ஜினின் பிரேக்கையும் ஆட்கள் கையால் முறுக்கிய பிரேக்கையுமே நம்ப வேண்டியிருந்தது. ஏற்றத்தில் இணைப்பு அறுந்தால், பின்னோக்கி ஓடும் பெட்டிகளைப் பிடித்து நிறுத்த வேண்டியவர் வாலில் இருந்த கார்டுதான். இறக்கத்தில் கட்டுமீறும் ரயிலைப் பிடிக்க மேட்டை நோக்கி ஏறும் பிடிப்பு சைடிங்குகளை அங்கே போட்டார்கள். ரயில் நின்று, கட்டுக்குள் இருப்பது உறுதியான பிறகே முதன்மைப் பாதைக்குப் பாயிண்ட் திரும்பும். கண்டாலாவை ஒட்டி இருந்த திசைமாற்று நிலையத்தில் இன்னொரு சங்கடம். ரயில் உள்ளே போய், மறுமுனையில் என்ஜினை மாட்டிக்கொண்டு புறப்படும். அதுவரை வாலாக இருந்தது தலையாகிவிடும். புதிய வழித்தடம் வந்து அந்த நிலையம் கைவிடப்பட்ட 1929 வரை இந்த நிலைதான். மாதிரியில் கார்டு வண்டிக்கு உரிய இடத்தைத் தேடுபவர் யார்டின் மூலையை விட்டுவிட்டு முதலில் இங்கே பார்க்க வேண்டும். 87-ல் ஒரு பங்காகச் சுருக்கும் எச்.ஓ. அளவில்கூட இந்த மலைப்பாதை ஏறத்தாழ 290 மீட்டர் நீளும், ஆறு மீட்டருக்குமேல் ஏறும். யார் வீட்டிலும் அதற்கு இடமில்லை. ஒரு பிடிப்பு சைடிங்கையும் திசைமாற்று நிலையத்தையும் மட்டும் எடுத்துக்கொண்டால் தாராளமாகப் போதும்.

புனே யார்டுக்கே உரிய இன்னொரு காரணமும் இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டின் இறுதி முதல் 1970களின் தொடக்கம் வரை மிரஜ் பக்கமிருந்து வந்த பாதை மீட்டர் கேஜ். பம்பாய்ப் பாதை அகல ரயில். சரக்கு பெட்டி மாறலாம். கார்டு வண்டியால் கேஜ் தாண்ட முடியாது. வந்த பக்கமே திரும்ப வேண்டும். ஆகவே அந்தக் காலத்துப் புனேயை அமைப்பவருக்கு இரண்டு அகலத்தில் இரண்டு குட்டி சைடிங்குகள் தேவைப்படும். ஒரே நீளமான தண்டவாளத்தில் எல்லா வண்டிகளையும் வரிசையாக நிறுத்தினால் பார்க்க அழகாக இருக்கும், ஆனால் அந்த ஊரின் கதையே காணாமல் போய்விடும்.

பொழுதுபோக்குக்கு இவ்வளவு கண்டிப்பு எதற்கு என்று கேட்பார்கள். எச்.ஓ. தண்டவாளத்தின் 16.5 மில்லிமீட்டர் அகலமே நம் 1,676 மில்லிமீட்டர் பாதைக்குப் பொருந்தாது, 19 மில்லிமீட்டருக்குமேல் வேண்டும். அந்தப் பிழையைப் பொறுப்பவர் சைடிங்கையும் பொறுக்கக்கூடாதா? இரண்டும் ஒன்றல்ல என்றே சொல்வேன். அகலத்தில் சமரசம் செய்வது கடையில் கிடைப்பதை வைத்து. அதனால் ரயில் ஓடும் முறை மாறுவதில்லை. சைடிங் தவறினால் யார் எங்கே இறங்கினார், எது எங்கே நின்றது என்பதே மாறிவிடும். அமெரிக்காவிலும் பிற்காலத்தில் கபூஸ்களைப் பொதுவாக்கினார்களே என்பது இன்னும் வலுவான மறுப்பு. உண்மைதான், பொதுவாக்கியதும் அங்கே ஒதுங்கி நிற்க வேண்டிய கபூஸ்களின் எண்ணிக்கை குறைந்தது. அது என் கணக்கை உறுதிப்படுத்தவே செய்கிறது.

எந்த ஆண்டை அமைக்கிறோம் என்பதையும் முன்பே முடிவு செய்துகொள்ள வேண்டும். 1980களில் இந்திய ரயில்வே ஒற்றைப் பெட்டிச் சரக்கைக் கைவிட்டு முழு ரயிலாக அனுப்பத் தொடங்கியதும், பெட்டி பிரித்துச் சேர்க்கும் யார்டுகள் வெறிச்சோடின. கார்டு வண்டியும் தன் ரயிலைவிட்டுப் பிரிவது அரிதாயிற்று. 2022-ல் கார்டு என்ற பதவிப்பெயர் டிரெயின் மேனேஜர் ஆனது. ரயில் முழுதாக வந்து சேர்ந்ததா என்று வாலிலிருந்து சொல்ல மின்னணுக் கருவி வந்துகொண்டிருக்கிறது, இரும்புப் பெட்டிக்குப் பதில் சக்கரம் வைத்த பை வந்துகொண்டிருக்கிறது. 1960களின் புனே என்று முடிவு செய்தவர் சைடிங்கில் இரண்டு வண்டியை நிறுத்திவிட்டு, மிச்ச நேரத்தைப் பிளாட்பாரத்தில் செலவிடலாம். இரண்டடிப் பெட்டி எச்.ஓ. அளவில் ஏழு மில்லிமீட்டர் வரும். அப்படி நான்கைந்து கறுப்புப் பெட்டிகளை, வெள்ளைப் புள்ளியாய்ப் பெயர் எழுதி, அடுத்த சரக்கு ரயிலுக்காக வரிசையாக வைக்க வேண்டும்.