மாடிப்படிக்கு எந்த நிறம்? – வாவிக்கரை வீடுகளின் ஒரு சிறு வரலாறு

வீடு கட்டுகின்றவர்களைக் கேட்டுப் பாருங்கள். அத்திவாரத்துக்கு எத்தனை மூடை சீமெந்து என்பதில் குடும்பத்துக்குள் சண்டை வருவதில்லை. அதனை மேசன் சொல்லிவிடுவார். கூரைக்கு ஓடா, தகடா என்பதைக் கையிலுள்ள பணம் தீர்மானித்துவிடும். எல்லாம் முடிந்து, ஹாட்வெயார் கடையிலிருந்து நிற அட்டை வீட்டுக்கு வந்த பின்னர்தான் பிரச்சினை ஆரம்பமாகும். அதிலும் மாடிப்படியில் வந்து அது முற்றி நிற்கும். வரவேற்பறைக்கு ஒரு நிறம், மேல்மாடிக்கு இன்னொரு நிறம் என முடிவாகிவிட்டால், இரண்டையும் இணைக்கின்ற படிக்கட்டு எந்த நிறத்தைச் சேர்ந்தது?

இது பணம் படைத்தவர்களின் பொழுதுபோக்குக் கேள்வி என்று தோன்றக்கூடும். ஆனால் மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளிலும் வீட்டுச் சுவரும் வாசற்படியும் எந்தக் காலத்தில் எந்த நிறத்தில் இருந்தன என்று பின்னோக்கிப் பார்த்தால், இப்பிரதேசத்தின் பொருளாதாரம், சட்டம், இயற்கை அழிவு, பெண்களின் உரிமை ஆகிய எல்லாமே அந்தப் படியில் ஏறி இறங்கியிருப்பது தெரியவரும்.

ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமான இந்த வாவி, மாவட்டத்தை எழுவான்கரை, படுவான்கரை என இரண்டாகப் பிரிக்கின்றது. சூரியன் எழுகின்ற கடற்கரைப் பக்கம் மணற்பாங்கானது. சூரியன் படுகின்ற மேற்குக் கரை வயல்நிலம். இரண்டுமே தட்டையான பூமி. ஆகவே இங்கு பழைய வீடுகளுக்கு மாடிப்படி கிடையாது. இருந்தது வாசற்படி மட்டுமே. ஐப்பசி தொடங்கித் தை வரை வாடைக் காற்றோடு பெய்கின்ற மழையில் முற்றத்து வெள்ளம் உள்ளே வராதிருக்க, வீட்டுத் தளத்தை இரண்டு மூன்று படி உயர்த்தினார்கள். படுவான்கரையின் களிமண் வீடுகளில் அந்தப் படியும் களிமண்தான். சாணம் கரைத்து மெழுகுவார்கள். மெழுகிய நிறமே படியின் நிறம். மாரி முடிந்ததும் கரைந்துபோன விளிம்பை மறுபடியும் மண் வைத்துத் திருத்த வேண்டும். அந்த வேலையைச் செய்தவர்கள் பெரும்பாலும் வீட்டுப் பெண்கள்.

வெள்ளை நிறம் வசதியோடும் அதிகாரத்தோடும் வந்தது. புளியந்தீவில் போர்த்துக்கேயர் 1628இல் கட்டிய கோட்டையை ஒல்லாந்தர் 1638இல் கைப்பற்றினர். இலங்கையில் அவர்கள் கைப்பற்றிய முதற் கோட்டை அதுவே. பின்னர் ஆங்கிலேயர் காலத்திலும் சுதந்திரத்தின் பின்னரும் கச்சேரி நெடுங்காலம் அதனுள்ளேயே இயங்கியது. கோட்டை, கோவில், தேவாலயம், பள்ளிவாசல், மிஷன் பாடசாலை, பணக்காரரின் கல்வீடு என்று சுண்ணாம்பு பூசக்கூடிய கட்டடங்கள் ஒரு காலத்தில் எண்ணக்கூடியவையாகவே இருந்தன.

சுண்ணாம்பு அலங்காரத்துக்கு மட்டும் உரியதன்று. நீற்றிய சுண்ணாம்பு காரத்தன்மை கூடியது. பாசியையும் கிருமியையும் தடுக்கக் கூடியது. சுவரில் பூசியதும் காற்றிலுள்ள கரியமில வாயுவை உறிஞ்சி மீண்டும் கல்லாக இறுகுகின்றது. அதே வேளை ஈரத்தை உள்ளே அடைத்து வைக்காமல் வெளியேற விடுகின்றது. உப்புக்காற்று வீசும் வாவிக்கரைக்கு இதைவிடப் பொருத்தமான பூச்சு கிடையாது எனலாம். மஞ்சளித்துத் தோன்றாதிருக்கச் சலவை நீலம் சிறிது கலந்து அடிப்பதும் வழக்கம். ஆனால் கைபட்டால் ஒட்டும், கால்பட்டால் தேயும். ஆதலால் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தவர்களும் படிக்கு அதனை அடிக்கவில்லை.

இவ்விடத்தில் ஒரு சுவையான செய்தி. ஒல்லாந்தரின் இன்னொரு குடியேற்ற நாடான கரீபியத் தீவு குராசோவில், ஆளுநர் அல்பேர்ட் கிக்கேர்ட் 1817இல் வீடுகளுக்கு வெள்ளை பூசுவதைத் தடைசெய்தார். வெயிலில் வெள்ளைச் சுவர் கண்ணைக் கூசச் செய்கிறது, தலைவலி உண்டாக்குகிறது என்பது சொல்லப்பட்ட காரணம். இன்று உல்லாசப் பயணிகள் படம் பிடிக்கின்ற அந்நகரின் மஞ்சள், நீல, சிவப்பு வீடுகளின் தொடக்கம் அந்த உத்தரவே. வெயில் குராசோவில் மட்டும் எரிக்கவில்லை. எழுவான்கரையில் சித்திரை மாத நண்பகலில் வெள்ளை மணலையும் வெள்ளை மதிலையும் சேர்த்துப் பார்த்தவர்களுக்கு அந்த ஆளுநரின் தலைவலி புரியும்.

வெள்ளைக்கு நாம் கொடுத்த விலை வேறு. கரையோர இலங்கையில் சுண்ணாம்பு பெரும்பாலும் கடலிலிருந்தே வந்தது. முருகைக்கற்களையும் சிப்பி ஓடுகளையும் சூளையில் சுட்டுச் சுண்ணாம்பு எடுத்தார்கள். தெற்கே ஹிக்கடுவைப் பக்கத்திலும் கிழக்கே கல்குடாப் பக்கத்திலும் முருகைக்கல் அகழ்வு பலருக்குச் சோறு போட்ட தொழில். 1981ஆம் ஆண்டின் கரையோரப் பாதுகாப்புச் சட்டமும் அதன் 1988ஆம் ஆண்டுத் திருத்தமும் கரையோர வலயத்தில் இதனைத் தடைசெய்தன. சட்டம் வந்த பின்னரும் தொழில் உடனடியாக நின்றுவிடவில்லை.

2004 டிசம்பர் 26இல் கடல் கணக்குக் கேட்டது. அடுத்த ஆண்டு ஆய்வாளர்கள் வெளியிட்ட ஒரு ஒப்பீடு அனைவரும் அறிய வேண்டியது. முருகைக்கற்பார் ஓரளவு காக்கப்பட்டிருந்த ஹிக்கடுவையில் அலை இரண்டு மூன்று மீற்றர் உயரத்துடன் வந்து, கரையிலிருந்து ஏறத்தாழ 50 மீற்றரில் நின்றது. சில கிலோமீற்றர் தள்ளி, பார் அகழப்பட்டிருந்த பெரலியவிலோ அது ஏறத்தாழ 10 மீற்றர் உயரத்தில் எழுந்து ஒன்றரைக் கிலோமீற்றர் வரை உட்புகுந்தது. புகையிரதம் ஒன்றையே அலை கவிழ்த்த இடம் அது. அலையின் சீற்றத்துக்குக் கடலடி அமைப்பு உட்படப் பல காரணங்கள் உண்டு. பழியை முழுவதும் சுண்ணாம்புச் சூளைமீது போட முடியாது. எனினும் சுவரின் வெண்மைக்காகக் கரையின் மதிலை உடைத்தோம் என்பதை மறுக்கவும் முடியாது.

அடுத்தது சிவப்பு. கோவில் மதிலின் காவியும் வெள்ளையும் கலந்த பட்டைகள் நமக்குப் பழக்கமானவை. காவி என்பது இரும்பு கலந்த மண். வெயிலில் வெளிறாது, மழையில் கெடாது. வீட்டுக்குள் அந்தச் சிவப்பைக் கொண்டுவந்தது சீமெந்து. காங்கேசன்துறைத் தொழிற்சாலை 1950இல் உற்பத்தியைத் தொடங்கிய பின்னர், கல்வீடு என்பது நடுத்தர வர்க்கத்துக்கும் எட்டக்கூடிய ஒன்றாகியது. ஆசிரியர், எழுதுவினைஞர், தபாலதிபர் ஆகியோரின் வீடுகளில் சீமெந்துடன் சிவப்புத் தூளைக் கலந்து இழைத்த தளமும் படியும் தோன்றின. சனிக்கிழமை தோறும் சிவப்புப் பொலிஷ் பூசி, பாதியாக வெட்டிய தேங்காய் மட்டையில் ஒரு காலை வைத்து முன்னும் பின்னுமாகத் தேய்த்தவர்கள் இன்று பேரப்பிள்ளை கண்டிருப்பார்கள். மழைச்சேறு தெறித்துத் தெரியாதிருக்கச் சுவரின் அடியில் முழங்கால் உயரத்துக்குக் கறுப்பு அல்லது சிவப்புக் கரை இழுப்பதும் அக்காலத்து முறை. ஆக, மேலே வெள்ளை, கீழே சிவப்பு என்பது அரை நூற்றாண்டுக்கு வாவிக்கரைக் கல்வீட்டின் இலக்கணமாக இருந்தது. 1978 நவம்பர் சூறாவளி கூரைகளைப் பிடுங்கிச் சென்ற பின்னர், இடிபாடுகளுக்கிடையில் பல வீடுகளில் எஞ்சி நின்றதும் அந்தச் சிவப்புப் படிகளே.

1977இல் இறக்குமதி திறந்துவிடப்பட்டதும் வாளியில் அடைத்த எமல்ஷன் பெயின்ற் வந்தது. பச்சை அடித்தால் ஒரு கட்சி, நீலம் அடித்தால் இன்னொரு கட்சி என்று அயலவர் கணக்குப் போடும் காலமும் கூடவே வந்தது. பலர் பாதுகாப்பாக இளமஞ்சளில் நின்றுகொண்டார்கள்.

இனி மாடிப்படிக்கு வருவோம். தட்டையான இப்பூமியில் மாடி ஏன் வந்தது? நிலப் பற்றாக்குறை என்பது சுருக்கமான விடை. அதன் உள்ளே இருக்கின்ற விடை சீதன வீடு.

கிழக்கிலே, தமிழரிடத்தும் முஸ்லிம்களிடத்தும், வீடு மகளுக்குரியது. குடி தாய்வழியே வருகின்றது. கலியாணம் முடித்த ஆண் மனைவியின் வீட்டுக்கு வருகின்றான். பழைய முக்குவர் சட்டம் 1876ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின் பின்னர் தனிச் சட்டமாக நிலைக்கவில்லை. ஆனால் ஏடு போனாலும் வழக்கம் போகவில்லை. மூத்த மகளுக்குத் தாய்வீட்டைக் கொடுத்துவிட்டு, அடுத்த மகளுக்காகப் பக்கத்து வளவில் இன்னொரு வீட்டைப் பெற்றோர் எழுப்புவார்கள். வளவு முடிந்துபோனால்? காத்தான்குடியைப் போய்ப் பாருங்கள். நாட்டின் மிக நெருக்கமான குடியிருப்புகளில் ஒன்றான அங்கே, வீடு மேல்நோக்கி வளர்ந்திருக்கிறது. கீழ்த்தளம் மூத்தவளுக்கு, மேல்மாடி இளையவளுக்கு. வெளிச்சுவரோடு ஒட்டி ஏறுகின்ற அந்தப் படிக்கட்டு இளைய மகளின் வாசல்! அதற்கு எந்த நிறம் என்ற கேள்வியில், அது கீழ்வீட்டின் பகுதியா, மேல்வீட்டின் பகுதியா என்ற கேள்வியும் அடங்கியிருக்கின்றது. ஆண் பிள்ளைகளுக்கு அந்தக் கூட்டத்தில் அதிகம் பேச்சில்லை. வீடு யாருடையதோ நிறமும் அவளுடையதே.

இந்த ஒழுங்கு கடற்கோளின் பின்னர் ஆட்டம் கண்டது. கிழக்கில் 200 மீற்றர் தடைவலயம் அறிவிக்கப்பட்டதால் கல்லடி, நாவலடிப் பகுதி மக்கள் தமது காணிக்குத் திரும்ப முடியாது தவித்தனர். நன்கொடையாளர் கட்டிக்கொடுத்த வீடுகள் வரிசையாக, ஒரே அளவில், ஒரே நிறத்தில் எழுந்தன. நிறம் ஒன்றாக இருந்ததைவிடப் பாரதூரமான விடயம் பத்திரத்தில் இருந்தது. குடும்பத் தலைவர் என்ற பெயரில் பல வீடுகள் ஆண்களுக்கே எழுதப்பட்டன. அலைக்கு முன்னர் அம்மா வழியாகத் தனக்கு வந்த வீட்டில் வாழ்ந்த பெண், அலைக்குப் பின்னர் கணவனின் வீட்டில் குடியிருப்பவளானாள். பெண்கள் அமைப்புகளும் ஆய்வாளர்களும் அப்போதே இதனைச் சுட்டிக்காட்டினர். அரச காணி வழங்கலுக்கு அடிப்படையான 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டமோ, வாரிசு வரிசையில் ஆணுக்கு முதலிடம் கொடுத்திருந்தது. அது திருத்தப்பட 2022 வரை காத்திருக்க நேர்ந்தது. அநியாயம் நடப்பதற்கு எவரும் கெட்டவராக இருக்க வேண்டியதில்லை. கொழும்பில் அச்சடித்த ஒரு விண்ணப்பப் படிவத்தில் ஒரேயொரு பெயருக்கு மட்டும் இடம் இருந்தால் போதும்.

நிறத்தைத் தெரிவு செய்யும் உரிமை மீண்டும் கைக்கு வந்தவர்கள் கவனிக்க வேண்டிய இரண்டு விடயங்கள் உண்டு.

ஒன்று, கைபிடிக் கம்பி. 1904இல் அவுஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்தில் ஜோன் லொக்ஹார்ட் கிப்சன் என்ற கண் மருத்துவர், சிறுவர்களைத் தாக்கிய ஈய நஞ்சு எங்கிருந்து வருகின்றது என்று ஆராய்ந்து, விறாந்தைக் கம்பிகளிலும் சுவர்களிலும் பூசிய பெயின்ற்றே மூலம் என எழுதினார். பிள்ளைகள் கம்பியைப் பிடித்த கையை வாயில் வைக்கிறார்கள், அவ்வளவுதான். அம்மாநிலம் சட்டம் இயற்ற 1922 ஆகியது. இலங்கையிலோ பெயின்ற்றில் ஈயத்தின் அளவுக்கு வரம்பு விதிக்கும் பணிப்புரை 2011இல் பிறப்பிக்கப்பட்டு, 2013 தை முதல் நடைமுறைக்கு வந்தது. ஆகவே அதற்கு முந்திய எனாமல் பூச்சு உரிகின்ற பழைய கம்பியை உலர்ந்த நிலையில் தேய்த்துத் தூள் பறக்கச் செய்வது நல்லதன்று. நனைத்துத் தேய்த்து, பிள்ளைகளை அப்பால் வைத்து, தூளைக் கூட்டாமல் ஈரத்துணியால் துடைத்தெடுப்பதே முறை.

மற்றது, வயதானவர்களின் கண். உலகில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 684,000 பேர் தவறி விழுந்து இறப்பதாக உலக சுகாதார அமைப்பு கணக்கிட்டுள்ளது. வயது ஏற ஏறக் கண்வில்லை மஞ்சளித்து, நீலமும் பச்சையும் பிரித்தறிவது கடினமாகின்றது. ஒரே நிறத்தில் பளபளக்கும் படிகளில் எது விளிம்பு, எது அடுத்த படி என்று தெரிவதில்லை. கீழிறங்கும்போதுதான் ஆபத்து அதிகம். இதற்கான பரிகாரம் பெரிய செலவில்லாதது. சுவருக்கு வெளிர் நிறம், படிக்குக் கடும் நிறம், ஒவ்வொரு படியின் விளிம்பிலும் இரண்டு விரல் அகலத்துக்கு மாறான நிறத்தில் ஒரு கோடு. படியில் மினுக்கம் வேண்டாம். வெள்ளைச் சுவரும் சிவப்புப் படியும் வைத்த நமது முன்னோர் இந்தக் கணக்கில் பாதியை அறிந்தோ அறியாமலோ செய்துவிட்டார்கள். பொலிஷ் போட்டு வழுக்க வைத்ததுதான் மீதிப் பாதி.

ஆகவே நிற அட்டையை விரித்து வைத்துச் சண்டையிடுபவர்களுக்கு என் சிபாரிசு இதுதான்: பழைய சிவப்பே படிக்குப் போதும், விளிம்புக்கு வெள்ளை, சுவருக்குக் கண் கூசாத இளமஞ்சள். பிடிக்காவிட்டால் மாற்றிக்கொள்ளலாம், பெயின்ற் நாலைந்து வருடத்தில் எப்படியும் உப்புக்காற்றில் உரிந்துவிடும். பத்திரத்தில் எழுதிய பெயர் அப்படி உரியாது. வாளியைத் திறப்பதற்கு முன்னர் அலுமாரியைத் திறந்து, உறுதியில் அந்த வீட்டு மகளின் பெயர் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.