செங்குன்றின் தாங்கிகள்

ஹவாயின் ஓவாஹுத் தீவினர் அருந்துவது, பெரும்பாலும் எரிமலைப் பாறைக்குள் ஊறிநிற்கும் மழைநீரையே. அந்நீருக்கு நேர்ந்த கதியை நாம் அறிந்துகொள்ளல் வேண்டும்.

1893இல் ஹவாய் மக்களின் அரசு கவிழ்க்கப்பட்டது. 1898இல் அமெரிக்கா அத்தீவுகளைத் தன்னுடன் இணைத்துக்கொண்டது. போர்க்கப்பல்களுக்கு எரிபொருள் சேமிக்க, 1940க்கும் 1943க்கும் இடையில் செங்குன்று எனப் பொருள்படும் றெட் ஹில் மலையைக் குடைந்து 20 தாங்கிகள் அமைத்தனர். ஒவ்வொன்றும் ஒரு கோடியே 25 இலட்சம் கலன் கொள்வது. அவற்றின் அடியிலிருந்து நிலக்கீழ் நீர்வரை ஏறத்தாழ 100 அடியே இடைவெளி.

2014இல் ஐந்தாம் இலக்கத் தாங்கியிலிருந்து ஏறக்குறைய 27,000 கலன் விமான எரிபொருள் கசிந்தது. பாறைக்குட் போன எண்ணெயைக் கண்ணாற் காணவியலாது. அவதானிப்புக் கிணறுகள் தோண்டி, நீரையும் மண்ணிடை ஆவியையும் சோதித்தே அதன் வழியை அறியலாம். 2015இல் ஆய்வுக்கென உடன்பாடு எழுதப்பட்டது. தாங்கிகளைத் திருத்தவோ இருபதாண்டளவான தவணை!

2021 நவம்பரில், சுரங்கக் குழாயிலிருந்து சிந்திய எரிபொருள் கடற்படையின் குடிநீர்க் கிணற்றையே அடைந்தது. அந்நீரைப் பயன்படுத்திய ஏறத்தாழ 93,000 பேரிற் பலர் படைவீரரின் குடும்பத்தினர். குழாய்நீரில் எண்ணெய் மணக்கிறதென அவர்கள் முறையிட்டபோது, நீரிற் குறையில்லை என்றே அதிகாரிகள் முதலிற் கூறினர். மக்கள் கிளர்ந்தெழுந்தனர். 2022 மார்ச்சில், தாங்கிகளை மூடும் உத்தரவு பிறந்தது.

ஆய்வு அவசியமே. எனினும், அதனைச் சாட்டாக வைத்துத் தவணை வாங்குவோர் கையில் அது உண்மையை ஒத்திப்போடும் கருவியாகிவிடுகிறது. தாங்கியை வெறுமையாக்கலாம், பாறையிற் புகுந்ததை எளிதில் மீட்டல் ஆகாது. நீரைக் காப்பது அதனை அருந்தும் மக்களின் விழிப்பே என்பதை நாம் மறத்தலாகாது.