கம்ப்யூட்டர் விற்பதில் லாபம் குறைவது ஏன்? முதலீட்டாளர்கள் அடுத்து எங்கே பார்க்கிறார்கள்?

கடையில் வாங்குற லேப்டாப்பில் ஒரு பிரபல கம்பெனியின் பெயர் இருக்கும். ஆனா லாபத்தில் பெரும் பங்கு அந்தக் கம்பெனிக்குப் போறதில்லை. உலகின் பெரிய கம்ப்யூட்டர் நிறுவனங்களில் ஒன்றான ஹெச்பிக்கே, 100 ரூபாய்க்கு கம்ப்யூட்டர் விற்றால் மிஞ்சுவது சுமார் 5 முதல் 7 ரூபாய்தான். ஏன் இப்படி?

லாபம் எங்கே போகுது?

1981-ல் ஐபிஎம் தனது பெர்சனல் கம்ப்யூட்டரை அறிமுகம் செய்தது. அதற்கு பிராசஸர் கொடுத்தது இன்டெல், ஆபரேட்டிங் சிஸ்டம் கொடுத்தது மைக்ரோசாஃப்ட். இந்த இரண்டையும் மற்ற கம்பெனிகளும் வாங்க முடிந்தது. அதனால் யார் வேண்டுமானாலும் அதே மாதிரி கம்ப்யூட்டர் தயாரிக்கலாம் என்ற நிலை வந்தது. போட்டி கூடியது, விலை சரிந்தது. கம்ப்யூட்டர் செய்தவர்களைவிட இன்டெலும் மைக்ரோசாஃப்ட்டும்தான் அதிகம் சம்பாதித்தன.

விலகிய ஜாம்பவான்கள்

2005-ல் ஐபிஎம் தனது பிசி தொழிலை சீனாவின் லெனோவாவுக்கு விற்றது. 2014-ல் சோனி, வயோ பிராண்டை விற்றது. 2018-ல் தோஷிபா, பிசி தொழிலின் பெரும்பகுதியை ஷார்ப்புக்குக் கொடுத்தது.

பணம் அடுத்து எங்கே?

சாஃப்ட்வேர், கிளவுட், ஏஐ சிப். ஐபிஎம் 2019-ல் ரெட் ஹேட் சாஃப்ட்வேர் நிறுவனத்தை 3,400 கோடி டாலருக்கு வாங்கியது. வீடியோ கேம் பிரியர்களின் கம்ப்யூட்டருக்கு கிராஃபிக்ஸ் சிப் செய்து வளர்ந்த என்விடியா, 2025 ஜனவரியில் முடிந்த நிதியாண்டில் சுமார் 13,050 கோடி டாலர் வருவாய் ஈட்டியது. அதில் 11,500 கோடிக்கு மேல் டேட்டா சென்டர்களில் இருந்து வந்தது.

இதில் ரிஸ்க் இல்லையா?

இருக்கு. ஒரு காலத்தில் அசைக்க முடியாததாக இருந்த இன்டெல், ஸ்மார்ட்போன் சந்தையைக் கோட்டைவிட்டது, ஏஐயிலும் பின்தங்கியது. 2024 நவம்பரில் டவ் ஜோன்ஸ் குறியீட்டில் இருந்து வெளியேறியது. அந்த இடத்துக்கு வந்ததே என்விடியாதான்! இப்போது அதன் பெரிய வாடிக்கையாளர்களான கூகுள், அமேசான் போன்றவை சொந்தமாகவும் ஏஐ சிப் வடிவமைக்கின்றன.

கவனிக்க வேண்டியது என்ன?

எந்தப் பொருள் அதிகம் விற்குது என்பதை மட்டும் பார்த்தால் போதாது. அதற்குள் இருக்கும் எந்தப் பாகத்துக்கு மாற்று இல்லையோ, லாபம் அங்கேதான் தங்கும். மாற்று வந்துவிட்டால் அந்த லாபமும் இடம் மாறும்.