சாரல் நேரத்துல ஹீட்டர் போச்சா? புதுசு வாங்கும் முன் இதையெல்லாம் பாருங்க!

ஜூன் பிறந்தால் செங்கோட்டை கணவாய் வழியாக ஈரக்காற்று இறங்கும். குற்றாலத்தில் சீசன் களைகட்டும்போது, பக்கத்தில் உள்ள இலத்தூர், தென்காசி வீடுகளில் காலையில் வெந்நீர் தேடுவார்கள். கோடை முழுக்க சும்மா கிடந்த ஹீட்டர் கைவிடுவதும் இந்த நேரத்தில்தான். அவசரத்தில் 'இதைவிடப் பெருசா ஒன்னு' என்று வாங்கினால், அது கரண்ட் பில்லில் தெரியும். அப்போ எதைப் பார்த்து வாங்குவது?

மாற்றித்தான் ஆகணுமா?

தண்ணீர் சுடவில்லை என்றால் எலிமெண்டோ, தெர்மோஸ்டாட்டோ போயிருக்கலாம். இரண்டையும் தனியாக மாற்ற முடியும். உள் டேங்க் ஓட்டையாகி தண்ணீர் கசிந்தால் புதுசுதான் வழி. ஷாக் அடித்தால் மெயினை அணைத்துவிட்டு, எலக்ட்ரீஷியன் பார்க்கும் வரை ஹீட்டரைத் தொடவே கூடாது.

எத்தனை லிட்டர்? பக்கெட்டை எண்ணுங்க!

25 டிகிரி தண்ணீரை 60 டிகிரிக்குச் சூடாக்க, 15 லிட்டர் ஹீட்டருக்கு சுமார் 0.6 யூனிட், 25 லிட்டருக்கு சுமார் 1 யூனிட் மின்சாரம் ஆகும். பச்சைத் தண்ணி விட்டு விளாவினால் 15 லிட்டரில் 2 பக்கெட், 25 லிட்டரில் 3 பக்கெட் குளிக்கும் சூட்டில் கிடைக்கும்.

காலையில் 3, 4 பேர் அடுத்தடுத்து குளிக்கும் வீட்டுக்கு 25 லிட்டர் சரி. 2 பேருக்கு 15 லிட்டர் போதும். ஆளுக்கொரு நேரம் குளிக்கிறவங்க 3,000 வாட்ஸ் இன்ஸ்டன்ட் ஹீட்டரைப் பார்க்கலாம். ஒரு பக்கெட் நிரம்ப 5, 6 நிமிடம் ஆகும், அவ்வளவுதான்.

பில் எங்கே எகிறுது?

தினமும் 2 யூனிட் என்றால் 2 மாதத்தில் 120 யூனிட். 400 யூனிட் ஓடும் வீடு 520-க்குப் போய்விடும். 2022 செப்டம்பரில் திருத்தப்பட்ட கட்டண முறைப்படி, 500 யூனிட்டைத் தாண்டினால் 101 முதல் 200 யூனிட் வரைக்கான குறைந்த விலையும் கிடைக்காது.

டேங்க் உள்ள ஹீட்டரில் ஸ்டார் லேபிள் கட்டாயம். சூடான தண்ணீர் சும்மா நிற்கும்போது எவ்வளவு வெப்பம் வீணாகிறது என்பதைத்தான் அந்த ஸ்டார் சொல்கிறது. எனவே பல மணி நேரம் ஆனில் வைக்கும் வீட்டுக்குத்தான் 5 ஸ்டாரின் பலன் அதிகம். குளிப்பதற்கு அரை மணி நேரம் முன்பு போட்டு, பிறகு அணைத்தாலே பாதி கவலை தீரும்.

சோலார் சரிப்படுமா?

வருஷம் முழுக்க வெந்நீர் தேவைப்படும் வீட்டுக்கு சோலார் லாபம். ஆனால் இந்தப் பக்கம் வெந்நீர் அதிகம் தேவைப்படும் சாரல் நாட்களில்தான் வெயிலே இருக்காது. அதனால் எலக்ட்ரிக் பேக்கப் உள்ள மாடலையே வாங்க வேண்டும். சீசனுக்கு மட்டும் என்றால் அந்தச் செலவு தேவையில்லை.

கேஸ் ஹீட்டர் ஆபத்தா?

மூடிய பாத்ரூமில் வைத்தால் ஆபத்துதான். கேஸ் சரியாக எரியாவிட்டால் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையும் கிடையாது, நிறமும் கிடையாது. குளிப்பவர் உணரும் முன்பே மயங்கி உயிர் போகலாம். ஹீட்டரை காற்றோட்டமாக, பாத்ரூமுக்கு வெளியேதான் மாட்ட வேண்டும்.

தண்ணீரும் வயரிங்கும்

போர் தண்ணி உப்பாக இருந்தால் எலிமெண்டில் உப்பு படிந்து சூடாக நேரமாகும். கிளாஸ் கோட்டிங் உள்ள டேங்கும், அது துருப்பிடிக்காமல் காக்கும் மெக்னீசியம் ஆனோடு ராடும் இருக்கிறதா என்று பாருங்க. ராடு கரையக்கூடியது, அவ்வப்போது மாற்றணும். '8 பார்' என்பது அடுக்குமாடிக்கும் பிரஷர் பம்ப் உள்ள வீட்டுக்கும்தான் முக்கியம். தொட்டி 10 மீட்டர் உயரத்தில் இருந்தாலே சுமார் 1 பார்தான் அழுத்தம்.

2,000 வாட்ஸ் ஹீட்டர் சுமார் 9 ஆம்பியர், 3,000 வாட்ஸ் சுமார் 13 ஆம்பியர் இழுக்கும். பழைய 6 ஆம்பியர் பிளக்கில் மாட்டவே கூடாது. 16 ஆம்பியர் பிளக், சரியான எர்த், 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி மூன்றும் அவசியம்.

கடையில் கேட்க வேண்டியவை

ஐஎஸ்ஐ முத்திரை இருக்கிறதா? டேங்குக்கும் எலிமெண்டுக்கும் தனித்தனியாக எத்தனை வருஷம் வாரண்டி? தென்காசியிலேயே சர்வீஸும் உதிரி பாகமும் கிடைக்குமா? இந்த மூன்றுக்கும் பதில் வாங்கிய பிறகு விலையைப் பேசுங்க.