யூபிலி ஆண்டும் பஞ்சமி நிலமும்

நமது பங்கு பொன்விழாக் காணும் இவ்வேளையில், யூபிலி என்னும் சொல்லின் வேரை நினைவுகூர்தல் தகும். இஸ்ராயேல் மக்களுக்கு ஐம்பதாம் ஆண்டு வெறும் விழா ஆண்டு அன்று. கைமாறிப்போன காணி உரியவனிடம் திரும்பிவரும் ஆண்டு என்று லேவியர் ஆகமம் 25-ஆம் அதிகாரம் கூறுகிறது. நம் மண்ணில் அந்த நியாயம் எவ்வாறு இருந்தது?

19-ஆம் நூற்றாண்டில் செங்கற்பட்டு மாவட்டத்தில் மிராசு முறை வேரூன்றியிருந்தது. ஊர்த் தரிசை யார் கேட்டாலும் மிராசுதாருக்கே முதல் உரிமை. சேரிக் குடிசை நின்ற மண்ணுக்கும் அவரே உரிமை கொண்டாடினார். தாழ்த்தப்பட்ட குலத்துப் படியாள் எதிர்த்துப் பேசினால் வேலையோடு வீடும் போகும். உழுதவன் நிலமற்றவனானது சோம்பலால் அன்று, பிறப்பால்.

இக்கொடுமையைப் புராட்டஸ்டண்டு மறைபரப்பாளர்கள் அரசுக்கு எடுத்துரைத்தனர். 1891-இல் கலெக்டர் திரமென்ஹீர் விரிவான அறிக்கை அளித்தார். அதன் விளைவாக 1892-இல் அம்மக்களுக்கு நிலம் ஒதுக்க ஆணை பிறந்தது. அந்நிலத்தைப் பிற சாதியாருக்கு விற்கலாகாது என்ற நிபந்தனையும் விதிக்கப்பட்டது. இதுவே பஞ்சமி நிலம். ஆயினும் கடனாலும் மிரட்டலாலும் அதில் பெரும்பகுதி பிறர் கைக்குச் சென்றது. 1994 அக்டோபரில் காரணை நிலத்தை மீட்கக் கோரிய போராட்டத்தில், செங்கற்பட்டில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் இருவர் உயிர் நீத்தனர்.

மதமும் இதில் ஒரு பங்கு வகித்தது. 1950-ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை, அட்டவணைச் சாதியினர் என்ற தகுதியை இந்துக்களுக்கே வரையறுத்தது. 1956-இல் சீக்கியரும் 1990-இல் பௌத்தரும் அதில் சேர்க்கப்பட்டனர். கிறிஸ்தவர் இன்னும் வெளியேதான் நிற்கின்றனர். ஞானஸ்நானம் பெற்றதால் காணி வந்துவிடவில்லை, சலுகைதான் போயிற்று.

அரசை மட்டும் குறைகூறி நாம் தப்ப இயலாது. வடக்கன்குளத்தில் இரு சாதியாரும் தனித்தனியே நிற்கும்படி இரு கிளைகளாய்க் கோவில் எழுப்பியவர்கள் நாமே. கல்லறையிலும் சுவர் எழுப்பினோம். ஒரே அப்பத்தில் பங்குகொண்டு, வரப்பில் அந்நியராய் நின்றோம்.

ஆகவே பங்குமக்களே, விழா முடிந்ததும் ஒரு காரியம் செய்வோம். எழுத்தறிந்தோர், சட்டமறிந்தோர் ஒன்றுகூடி, நம் ஏழைக் குடும்பங்களின் பழைய பட்டாக்களையும் கிராமப் பதிவேடுகளையும் ஒப்பிட்டுப் பார்க்க உதவுவோம். ஒரு குடும்பமாவது தன் காணியில் மீண்டும் கால் பதிக்குமாயின், அதுவே மெய்யான யூபிலி.