பல் போனால் காதில் சத்தம் வருமா?

1/ வேங்கிக்காலில் பகல் முழுக்க வேலூர் ரோட்டு பஸ் ஹாரன்ல எதுவும் தெரியாது. ராத்திரி தலையணையில் தலை வெச்சதும் காதுக்குள்ள 'ங்கொய்'னு ஒரு சத்தம். செவிப்பறை நல்லா இருக்கு, கேட்கும் திறன் பரிசோதனையும் நார்மல். "பழகிக்கோங்க"ன்னு சொல்லி அனுப்பிட்டாங்களா? அப்போ இந்தப் பழைய கதை உங்களுக்குத்தான்.

2/ 1934, அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ். ஜேம்ஸ் காஸ்டன் என்ற காது மூக்கு தொண்டை மருத்துவர் 11 நோயாளிகளைப் பற்றி எழுதினார். காது அடைப்பு, இரைச்சல், தலைசுற்றல். கூடவே கடைவாய்ப் பல் போய், கடியும் கெட்டிருந்தது. தாடை மூட்டு பின்னால் நகர்ந்து நரம்பை அழுத்துகிறது என்பது அவர் விளக்கம்.

3/ பின்னாடி உடற்கூறு நிபுணர்கள் ஆராய்ந்து, "மூட்டு அப்படி அழுத்தாது" என்றார்கள். விளக்கம் தப்புதான். ஆனா அதோட சேர்த்து, அவர் நோயாளிகளிடம் கண்டதையும் பலர் ஒதுக்கிட்டாங்க. காது டாக்டர் காதைப் பார்த்தார், பல் டாக்டர் பல்லைப் பார்த்தார். நோயாளிதான் இரண்டு பேருக்கும் நடுவே அலைஞ்சார்.

4/ 1999-ல் பாஸ்டனின் ராபர்ட் லெவின் வேறொரு விளக்கம் தந்தார். காது நரம்பு மூளைத்தண்டில் முதலில் போய்ச் சேரும் இடத்துக்கே, தாடையிலிருந்தும் மேல் கழுத்திலிருந்தும் உணர்வுச் செய்திகள் வருகின்றன. இறுகிய தசையின் செய்தி அங்கே கேட்கும் பாதையைத் தூண்டினால், இல்லாத சத்தம் கேட்கலாம்.

5/ 2018-ல் பல நாட்டு நிபுணர்கள் கூடி அடையாளங்களை வகுத்தார்கள். நீங்களே யோசிச்சுப் பாருங்க:
• கழுத்து வலியும் இரைச்சலும் ஒன்றாகவே ஆரம்பித்து, ஒன்றாகவே கூடுகிறதா?
• பல்லைக் கடித்தால், தலையைத் திருப்பினால் சத்தம் மாறுகிறதா?
• தலையிலோ கழுத்திலோ அடிபட்ட பிறகு வந்ததா?
• கலெக்டர் ஆபீஸ் கம்ப்யூட்டர் முன்னாடி நாள் முழுக்கக் குனிஞ்சு உட்கார்ந்தா அதிகமாகுதா?
ஒன்று மட்டும் இருந்தால் உறுதி இல்லை. பல்லைக் கடித்தால் சத்தம் மாறுவது மற்ற வகை இரைச்சலிலும் உண்டு.

6/ சிகிச்சை: கழுத்துக்கும் தாடைக்கும் பிசியோதெரபி, உட்காரும் விதத்தில் மாற்றம், தூக்கத்தில் பல் கடிப்பவர்களுக்குப் பல் கவசம். எல்லோருக்கும் முழுசா நிற்காது. சரியான ஆளுக்குச் செய்தால் குறையும்.

7/ சலூனில் கழுத்தை நெட்டி முறிக்காதீங்க. மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் கிழிந்து பக்கவாதம் வரலாம். திடீர்னு காது கேட்காமல் போனால் அன்றைக்கே டாக்டரிடம் போங்க. ஒரு காதில் மட்டும் சத்தம், நாடித் துடிப்போடு சேர்ந்து துடிக்கும் சத்தம் என்றாலும் தள்ளிப்போடாதீங்க.

8/ மற்றவர்கள் அடுத்த முறை போகும்போது, "கழுத்தையும் தாடையையும் கொஞ்சம் தொட்டுப் பாருங்க டாக்டர்"னு தயங்காம கேளுங்க.